படம் இருக்கிறது

லிஃப்ட் பத்துத் தெத்ரி கேட்டது.
உண்டியலில் போட்டதும்
க்ல்தானியின் ஒன்பதாம் மாடிக்கு
முனகிக்கொண்டே ஏற்றிவிட்டது.

லாமாரா கதவைத் திறக்கும்போதே
உள்ளே இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.
யாருமில்லை. டிவி.
கறுப்புத் திரை, குரல் மட்டும்.
நவம்பரிலிருந்து இப்படித்தான் என்றாள்,
கேட்டுக்கொண்டே கம்பளி பின்னுவேன், பழகிவிட்டது.

சுரங்க ரயில் நிலையத்தில்
நகரும் படிக்கட்டுக்குக் காவல் அவள்.
கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டு மணி நேரம்
ஏறி வந்துகொண்டேயிருக்கும் முகங்கள்.
வீட்டுக்கு வந்தால்
முகமே இல்லாத சனங்கள்.

விளக்கை அணைக்கச் சொன்னேன்.
டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன்.
வட்டத்துக்குள்
கலங்கிய தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல
ஒரு மூக்கு. ஒரு காதணி. அசையும் உதடு.
"ஐயோ, உள்ளேதான் இருக்கிறார்களா?"
படம் இருக்கிறது, அம்மணி.
வெளிச்சம்தான் இல்லை.

திரையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
கூட வரும் மல்காஸ் இப்போது போலந்தில்
பெட்டி அடுக்குகிறான்.
அந்த முனையை நீங்கள் பிடியுங்கள்,
நான்கு விரல், அழுத்தாமல். வளைந்தால் போச்சு.
அவள் மூச்சுகூட விடவில்லை.
அசையாமல் இருப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்.
கட்டில்மேல் போர்வை விரித்துக் கிடத்தினோம்.

பிறகு மூன்று தாள்கள்.
எது மேல்பக்கம் என்று மறக்காதிருக்க
மூலையில் பென்சில் புள்ளி.
அதற்கும் அடியில் வெள்ளைத் தரை,
ஐந்து பட்டை, பட்டைக்கு எட்டு விளக்கு,
ஒவ்வொன்றின் தலையிலும்
பொத்தான் அளவு லென்ஸ்.
பசை காய்ந்து கழன்ற இரண்டு
ஓரத்தில் உருண்டு கிடந்தன,
எப்படி வந்ததென்று தெரியாத ஒரு செத்த ஈயோடு.

நாற்பதும் ஒரே வரிசையில்.
திருவிழா சீரியல் செட் மாதிரி
ஒன்று போனால் எல்லாம் போச்சு.
மீட்டரின் முனையால் ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்பினேன்.
லாமாரா எண்ணினாள்.
இருபத்தாறு வரை கண் திறந்தன.
இருபத்தேழு திறக்கவில்லை.
மஞ்சள் நடுவே கடுகிலும் சிறிய கருக்கல்.
"இது ஒன்றுக்காகவா மற்ற முப்பத்தொன்பதும்?"
ஆமாம்.
"எங்கள் கூரை மாதிரி.
முப்பத்தைந்து வீடு கையெழுத்துப் போட்டாயிற்று,
நாலாம் மாடிக்காரர் மாட்டேன் என்கிறார்.
ஆறு வருஷம். என் சமையலறையில்தான் ஒழுகுகிறது."

செத்ததன் மேல் துண்டுக் கம்பி வைத்துத்
தாண்டிப் போகிறவர்களும் உண்டு.
எரியும். ஆனால் யார் நெற்றியிலாவது
எப்போதும் ஒரு நிழல் நிற்கும்.
நான் பழைய பட்டையிலிருந்து ஒன்றைப் பெயர்த்து
ஈயம் உருக்கி உட்காரவைத்தேன்.
லென்ஸ்களை ஒட்டினேன்,
உபரி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன்.
மின்சாரத்தையும் கொஞ்சம் குறைத்தேன்.
கடைக் கண்ணாடிக்குள் பளிச்சென்று நிற்க
யாரோ கூட்டி வைத்த வெளிச்சம் அது,
வீட்டுக்கு ஆகாது.

மறுபடி நான்கு கை. மறுபடி மூச்சில்லை.
பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னேன்.

"இவனா தெங்கிஸ்!
மூன்று மாதமாய் இவனுக்குத்
தொப்பையும் தங்கப் பல்லும் வைத்திருந்தேன்."
காது விடைத்த ஒல்லிப் பையன்
யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தான்.
கிட்டே போய் நின்றாள்.
"இவள் அழுகிறாள் பாருங்கள்.
எத்தனை ராத்திரி இவளுக்காகப் பின்னலை நிறுத்தியிருப்பேன்.
கண்ணில் ஒரு சொட்டு இல்லையே."

நான் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று குறைந்தது.

வெளிச்சம் கம்மியாய்ப் படுகிறதா என்றேன்.
"போதும்," என்றாள் திரும்பாமல்.
"இதிலேயே இவ்வளவு தெரிகிறது."

இறங்கும்போது லிஃப்டின் இருட்டில்
பைக்குள் விட்ட விரலில் வட்டமாய் அகப்பட்டதை
உண்டியலில் போட்டேன்.
சத்தமில்லாமல் விழுந்து
வாயை அடைத்துக்கொண்டது. லிஃப்ட் அசையவில்லை.
தடவிப் பார்த்தேன்.
காசு இருக்கிறது.
லென்ஸ்தான் இல்லை.

நடந்தேன். எட்டு. ஏழு.
நாலாம் மாடிக் கதவுக்குப் பின்னாலும்
அதே சீரியல்,
அவள் அழுதுகொண்டிருந்தாள்.